தட்டிய கதவு

1946 நவம்பர், ஞாயிறு இரவு. மாம்பலம், மாமனார் வீடு.

பம்பாயிலிருந்து வந்து இன்றுதான் சாந்தோமுக்கு, அம்மாவைப் பார்க்கப் போனேன். எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோரும் சமையலறைக் கதவு வழியாகத்தான் நுழைவோம். வாசல் கதவு மாதா கோயில் பங்குச் சாமியாருக்கும் விருந்தாளிக்கும். என்ன புத்தியோ, பம்பாய்ப் பழக்கத்தில் வாசல் கதவைத் தட்டிவிட்டு நின்றேன். அம்மா நல்ல புடவைக்கு மாறிக்கொண்டு வந்து திறந்தாள்.

“நீயா? சாமியாராக்கும்னு நெனச்சேன்” என்றாள். காபியும் பீங்கான் கோப்பையில் வந்தது.

கிளம்பும்போது வேண்டுமென்றே சமையலறைப் பக்கம் நடந்தேன்.

“அந்தப் பக்கம் ஒரே சேறுப்பா. ஒன் பூட்ஸ் பாழாப்பூடும். வாசல் வழியாவே போ.”

அம்மாவே முன்னால் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.