மறைந்துபோகும் மெய்நிகர் கணினியும் காவலாளி பழனியாண்டி மேல் நான் போட்ட பழியும்

அனுப்புநர்:
திருமதி ஜெயரூபி கணேசலிங்கம்,
கணினிப் பாட ஆசிரியை,
ஹீன்கொல்ல தோட்டத் தமிழ் வித்தியாலயம்,
கேகாலை மாவட்டம்.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்.

விடயம்: 22.10.2024 அன்று நான் அனுப்பிய முறைப்பாட்டை மீளப்பெறுதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. எமது உயர்தர மாணவர் பதினொருவரின் செயற்றிட்டத்துக்காக, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினிபோல் இயங்கும் மெய்நிகர் கணினியை ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுவினேன். நன்றாக இயங்கியது. மறுநாள் காலை அதன் சுவடே இல்லை. மறுபடி நிறுவினேன், மறுபடியும் இல்லை. ஐந்து முறை, ஐயா! தங்கள் கணினிப் பிரிவைக் கேட்டபோதெல்லாம் "திரும்பப் போட்டுப் பாருங்கள்" என்பதே பதில். போட்டுப் போட்டுச் சலித்துவிட்டேன்.

2. இங்கே பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். முன்பு இரண்டு கணினிகள் கருகிப்போனதால், பாடசாலை விட்டதும் காவலாளி பழனியாண்டி மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது வழக்கம். அறையில் கடைசியாக நிற்பவர் அவர், சாவியும் அவரிடமே. ஆகவே அவர்தான் அழிக்கிறார் என்று தங்களுக்கு எழுதினேன். "நான் சுவிட்ச மட்டுந்தாங்க டீச்சர் இறக்குனேன். உள்ள இருக்கிறத நான் என்னாத்துக்குங்க தொடப்போறேன்?" என்று அதிபர் முன்னிலையில் கேட்டார். நான் நம்பவில்லை. எதற்கும் இலேசில் பதில் வராத தங்கள் அலுவலகத்திலிருந்து இதற்கு மட்டும் மூன்றே நாளில் வந்தது: விசாரணை முடியும்வரை அவர் வேலைக்கு வரக்கூடாது.

3. 28ஆம் திகதி மீண்டும் நிறுவினேன். நானே சுவிட்சை இறக்கினேன், நானே பூட்டினேன், சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலை அதுவும் இல்லை. பழனியாண்டி சொன்னது உண்மையென்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

4. அவிசாவளையில் கணினி திருத்தும் ஸஹாப்தீன் வந்து பார்த்துப் பத்து நிமிடத்தில் காரணத்தைச் சொன்னார். அணைத்து மறுபடி இயக்கியதும், புதிதாகச் சேர்த்த அனைத்தையும் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மென்பொருள் இக்கணினிகளில் இருக்கிறது. தங்கள் பிரிவு எமக்குத் தரும்போதே போடப்பட்டது, ஒருவரும் சொல்லவில்லை. அதை நிறுத்தும் கடவுச்சொல் தங்கள் பிரிவிடமே உண்டு. இதை அறிவித்து இரண்டு கிழமைக்கு மேலாகிறது. "அப்படியொன்று பதிவில் இல்லை, விசாரணை நடக்கிறது" என்கிறார்கள். என்ன விசாரணை, ஐயா? ஒரு கணினியை அணைத்துப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதாதா?

5. மாணவருக்கு ஸஹாப்தீன் ஒரு பழைய கணினியை இரவல் தந்திருக்கிறார். அவர்கள் எப்படியோ சமாளிப்பார்கள். பழனியாண்டிதான் தீபாவளியன்றும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னா பத்தாதுங்க டீச்சர். கடுதாசி வந்தாத்தான் லயத்துல தல நிமுந்து நடக்க முடியும்" என்றார். அவர் கேட்பது நியாயம்.

6. கடவுச்சொல்லுடன் ஓர் அலுவலரை இவ்வாரமே அனுப்புங்கள். அதற்கும் முன்பாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. எனது முறைப்பாட்டுக் கடிதத்தையும் அதே கணினியில்தான் தட்டச்சு செய்தேன். கணினியில் இப்போது அது இல்லை. தங்கள் கோப்பில் மட்டும் அழியாமல் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தள்ளுபடி செய்து, பழனியாண்டியை வேலைக்கு அழைக்கும் கடிதத்தை அவர் பெயருக்கே அனுப்புங்கள். பிழை ஆசிரியையுடையது என்று அதில் தெளிவாக எழுதுங்கள்.

இடம்: ஹீன்கொல்ல தோட்டம்
திகதி: 18.11.2024

இங்ஙனம்,
ஜெ. கணேசலிங்கம்