சாத்தாத கதவு

கண்டமங்கலம்
6.1.2025

அன்புத் தம்பி தேவாவுக்கு,

அக்கா பொன்னி எழுதுகிறேன். எல்லோரும் சுகம். பொங்கலுக்கு வருகிறேன் என்று ஒரு வரி எழுத உன் கைக்கு என்ன கேடு? போனில் பேசினால் தெருவுக்கே கேட்கிறது, அதனால்தான் கடிதம்.

எங்கள் தெருவை நீ இப்போது பார்க்க வேண்டும். பாண்டிச்சேரிச் சரக்கு கடத்துகிற ஜெகதீசன் முனை வீட்டுக்குக் குடிவந்த பிறகு திருட்டு இல்லை, சண்டை இல்லை. வருஷக்கணக்காய்த் தேங்கிய சாக்கடை அவர் ஒரு சத்தம் போட்டதும் ஓடுகிறது. கதவைத் திறந்துபோட்டே தூங்குகிறோம்.

நம் பாப்பா அஸ்வினிக்குத் தைக் கடைசியில் காதுகுத்து. தாய்மாமன் மடி தயாராக இருக்கட்டும்.

ஆசையுடன்,
அக்கா

திண்டிவனம்
13.1.2025

அன்பு அக்காவுக்கு,

சிவப்புக்கல் கம்மல் வாங்கிவிட்டேன். எதிர்வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துப் பழகினேன், சட்டையை நனைத்துவிட்டது.

ஜெகதீசனைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய நீ, மாமாவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அந்த ஆளிடம் கொஞ்சம் தள்ளியே இரு.

உன் தேவா

கண்டமங்கலம்
27.1.2025

தம்பிக்கு,

கோபப்படாமல் படி. ஜெகதீசன் வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சினார். "காதுகுத்துல என் மடியில உக்கார வைம்மா. இந்தத் தெருவுக்கே நான் தாய்மாமன்தான்" என்றார். உன் மாமா சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். மறுநாள் தெருமுனையில் 'தாய்மாமன் ஜெகதீசன்' என்று பேனர்.

இத்தனை செய்தவரிடம் எப்படி மாட்டேன் என்பது? நீ பக்கத்தில் வந்து நின்றால் போதும்டா.

அக்கா

திண்டிவனம்
1.2.2025

அக்காவுக்கு,

பக்கத்தில் நிற்க நான் வரவில்லை. மாமாவைக் குறை சொல்லவுமில்லை. கம்மல் இங்கே இருக்கிறது. என் மடியும் இங்கேதான் இருக்கிறது.

தேவா

கண்டமங்கலம்
14.2.2025

என் தம்பிக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையோடு பஸ் ஏறி வந்து நின்றோமே, ஏன் என்று நீ கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் கடிதம் படித்ததும் அழுகை முட்டியது. கதவைச் சாத்தப் போனேன். ஜெகதீசனின் ஆள் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். "எதுக்குக்கா சாத்துறீங்க? நாங்கதான் இருக்கோமே" என்றான், மரியாதையாகத்தான். என் வீட்டுக் கதவை என்னால் சாத்த முடியவில்லையடா.

மாமாவிடம், "பாப்பாவ தூக்கிக்கினு திண்டிவனம் போய்டலாங்க" என்றேன். அவர் பாப்பாவின் பட்டுப்பாவாடையைத்தான் முதலில் எடுத்து மடித்தார்.

உன் மடியில் காதுகுத்தி முடித்துத் திரும்பி வந்தபோது பேனர் இல்லை. ஜெகதீசன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாக்கடை மறுபடி தேங்கிவிட்டது. நேற்று நானும் பக்கத்து வீட்டுச் சங்கவியும் மண்வெட்டியோடு இறங்கினோம், மாமா அள்ளிக் கொட்டினார். கையில் நாற்றம் இன்னும் போகவில்லை. பாப்பா கம்மலைத் தொட்டுத் தொட்டு, "தேவா மாமா போட்டது" என்கிறாள்.

ராத்திரி தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்கிறோம். நல்லாத் தூக்கம் வருகிறது.

அக்கா பொன்னி