கி-சோல் ஐயாவின் வலது கை

நவம்பர் 11
தேபெக் மலை நகரத்தில் முதல் பனி. மாலையில் தக் கி-சோல் என்பவரை எங்கள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்திலேயே உழைத்து வயதானவர். நுரையீரல் முழுக்கக் கரித்தூசி. விறகு பிளக்கும் இயந்திரத்தில் வலது கை சிக்கி, சீழ் வைத்துவிட்டது. நாளை அறுவைச் சிகிச்சை. தள்ளிப்போட்டால் கை போய்விடும். முழு மயக்கம் கொடுத்தால் இந்த நுரையீரல் தாங்காது. கையை மட்டும் மரத்துப்போக வைக்க வேண்டும். அது மயக்க மருத்துவரான என் பொறுப்பு.

அவர் மனைவி ஓக்-புன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "திட்டுறதுக்காவது எனக்கு இந்த மனுஷன் வேணும், டாக்டரம்மா."

நவம்பர் 12
மல்லாக்கப் படுக்க வைத்ததுமே மூச்சு முட்டியது. கழுத்தில் ஊசி போட்டால் மூச்சுத் தசையும் முடங்கலாம். கழுத்தடியில் இருக்கும் காறை எலும்புக்குக் கீழேதான் போட வேண்டும். அதற்குக் கை விலகியிருந்தால் நல்லது. அவர் கையோ விலாவோடு ஒட்டிக் கிடந்தது. அசைத்தால் அலறினார். ஸ்கேன் திரையில் நரம்புகள் ஆழத்தில், நுரையீரலை ஒட்டி. ஊசி கொஞ்சம் தவறினால்—

"எவ்வளவு நேரம் படம் பாப்பீங்க?" அறுவை மருத்துவர் ப்யோ. "குழாயப் போட்டுத் தூங்க வைங்க."

"தூங்குனா எழுந்திருக்க மாட்டார்."

ஏன் தோளை இப்படி இறுக்குகிறார்? வலியா? இல்லை. தோளைத் தூக்கித் தூக்கித்தான் மூச்சை இழுக்கிறார்! படுத்திருக்கும்வரை அது இளகாது.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னேன். பாதி உட்கார்ந்ததும் மூச்சு தணிந்தது.

"கைய என்கிட்ட விட்டுருங்க, ஐயா."

"பிடுங்கிட்டுப் போயிராதீங்க."

மெல்ல மெல்ல விலக்கினேன். திரையில் நரம்புகள் மேலே வந்தன, நுரையீரலை விட்டுத் தள்ளி. மருந்தைச் செலுத்தினேன்.

சுண்டுவிரல் மட்டும் மரக்கவில்லை. ப்யோ கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. காத்திருந்தேன். கிள்ளினேன். மறுபடி கிள்ளினேன்.

"யார் விரலக் கிள்ளுறீங்க?" என்றார் கி-சோல் ஐயா.

ப்யோவிடம் கத்தியைக் கையில் எடுக்கச் சொன்னேன்.

நவம்பர் 13
காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டு விரல் நுனிகள் கறுத்திருக்கின்றன. ப்யோ கட்டைப் பிரித்து இரண்டு முறை பார்த்தார். அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 16
காய்ச்சல் விட்டது. விரல்களில் நிறம் திரும்புகிறது.

டிசம்பர் 9
மருத்துவமனை வாசலில் ஓக்-புன் அம்மாவின் சத்தம். "வந்து பாருங்க, டாக்டரம்மா! நீங்க காப்பாத்திக் குடுத்த கை என்ன பண்ணுதுன்னு!"

பைன் மரத்துக்குப் பின்னால் கி-சோல் ஐயா. வலது கையில் சிகரெட்.

கத்தித் தீர்த்தேன். இந்த நுரையீரலோடா! அவர் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கீழே போட்டு மிதித்தார்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது— கறுத்துப்போயிருந்த அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில்தான் சிகரெட்டைப் பிடித்திருந்தார். நழுவவே இல்லை.