தேதி அழிந்த கால் அளவுகள்

அனுப்புநர்:
அச்சு வடிப்பவர்,
செயற்கைக் கால் பட்டறை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
செயற்கை உறுப்பு நிலையம்.

பொருள்: கோப்புகளைப் பகிரும் கணினியின் இயங்குதளத்தைக் கேட்காமல் மாற்றியது, பழைய வட்டை வெள்ளிக்கிழமை அழிக்காமல் நிறுத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. பட்டறையின் மூன்று அறைகளும் நோயாளிகளின் கால் அளவுக் கோப்புகளை எடுத்துவந்த பொதுக் கணினியைச் சென்ற மாதம் எங்களில் ஒருவரையும் கேட்காமல் மாற்றிவிட்டார்கள். அதனால் ஒரு பெண்ணுக்குத் தவறான கால் செய்து கொடுத்திருக்கிறோம்.

2. அந்தப் பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியவன் நான். யாரும் கற்றுத்தரவில்லை, நான்கு முறை கெடுத்து, ஐந்தாம் முறை ஓடவைத்தேன். எட்டு ஆண்டுகள் ஓடியது. தலைமை அலுவலகக் கணினிப் பொறியாளர் வந்து, "எல்லாக் கிளையிலயும் ஒரே ஓஎஸ்தான் இருக்கணும் பெரியவரே. உங்க மிஷினுக்கு வயசாயிடுச்சு" என்றார். எனக்கும்தான் ஆகிவிட்டது, என்னையும் மாற்றுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார், வேலையை நிறுத்தவில்லை.

3. கோப்புகள் ஒன்றும் தொலையவில்லை. ஆனால் அத்தனையும் நகலெடுத்த அந்த ஒரே செவ்வாய்க்கிழமைத் தேதியைக் காட்டுகின்றன. எங்கள் பிழையையும் நான் மறைக்கவில்லை. கோப்பின் பெயரில் நோயாளி எண்ணையும் திருத்தியவரின் பட்டப்பெயரையும் மட்டுமே எழுதுவோம். எது கடைசி என்பதைத் தேதிதான் சொல்லும். இப்போது கேட்டால், "கடைசியா திருத்தினது நான்தான்" என்று கோப்புகளைத் திருத்தும் நால்வரும் சொல்கிறார்கள்.

4. அந்தப் பெண் பேருந்து நடத்துநர். அவருக்கு நான்கு கோப்புகள் உள்ளன. அவற்றில் பழையது ஒன்றைப் பார்த்துக் காலைச் செதுக்கிவிட்டோம் போலும். மூன்றாம் நாளே புண்ணாகிவிட்டது. "பழைய கால் பேசாம கிடந்துச்சுங்கய்யா, இது சண்டைக்கு வருது" என்றார். 14ஆம் தேதி உடல்தகுதித் தேர்வில் பேருந்துப் படி ஏறிக் காட்டாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. புதிதாக அளவெடுத்துத் திருத்த ஆறு வாரம் ஆகும். மீதி மூன்றையும் செதுக்கிப் பார்க்க ஒன்பது நாள். இருப்பதே ஒன்பது நாள்தான். புண் ஆற நாள் எங்கே?

5. காரணம் அறியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் சோதித்தேன். சாதாரணமாக நகலெடுத்தால் தேதி மாறியது. தேதியையும் காக்கச் சொல்லி எடுத்தால் மாறவில்லை. பொறியாளரின் இயங்குதளமும் அந்தத் தேதிகளை அப்படியே ஏற்றது. ஆகவே ஒரு மாதமாக அதைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன். பொறியாளரைத் திட்டியதை வாங்கவில்லை. கோப்பில் நாங்கள் எதைப் பார்த்து வேலை செய்கிறோம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு இயங்குதளங்களில் எது நமக்கு நல்லது என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை.

6. கழித்துப் பண்டக அறையில் பூட்டிவைத்திருக்கும் பழைய கணினியின் வட்டில் உண்மைத் தேதிகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அதை அழிக்கப் போகிறார்கள். பண்டகக் காப்பாளரோ, "கழிச்சது கழிச்சதுதான். அம்மா எழுதிக் குடுத்தா கதவைத் திறக்கறேன்" என்கிறார்.

எனவே செய்ய வேண்டியவை:

வட்டை அழிக்காமல் கதவைத் திறக்கச் சொல்லும் அந்த உத்தரவைத் தாங்கள் இன்றே எழுத வேண்டும்.
பண்டகக் காப்பாளர் நாளைக் காலை கணினியை வெளியே தர வேண்டும்.
பொறியாளர் எல்லாக் கோப்புகளையும் தேதியோடு மறுபடி நகலெடுக்க வேண்டும். பிறகு இரண்டு இயங்குதளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு மாதம் ஓடவிட வேண்டும். முடிவு எனக்கு எதிராக வந்தாலும் கையெழுத்திடுவேன்.
நான் இனி கோப்பின் பெயரிலேயே தேதியை எழுத வேண்டும்.
செதுக்குபவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியான காலைத் தர வேண்டும்.
படி ஏற வேண்டியவர் நடத்துநர். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

நாள்: 5, புதன்கிழமை
இடம்: அச்சு வடிக்கும் அறை

(கையொப்பம்)
அச்சு வடிப்பவர்