அம்மாவுக்குத் தொண்டை வருத்தம்

ஒக்டோபர் 3, 1968

மகள் பிலோவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. வீட்டுக்கும் தெரியும், அயலுக்கும் தெரியும், அப்படி ஒரு கத்தல். இன்னும் இரண்டு வயது முடியவில்லை. இறக்கி விட்டால் அழுகை, தூக்கினால் உதை. பாட்டுப் பழகும்போது என் கால் ஆர்மோனியத்தை மிதிக்கிறது, பிள்ளை மடியிலிருந்து கட்டைகளை அறைகிறாள்.

நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, முந்தின ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கலியாணம் இல்லை. அதனால் திருகோணமலைக் கத்தோலிக்கர் எல்லாருக்கும் ஒக்டோபரிலும் நவம்பரிலும்தான் கலியாண ஆசை வருகிறது. பூசைக்கு என் பாட்டும் மாமாவின் வயலினும். விருந்துக்கு மாமாவின் மகன், என் கணவர் டொமினிக்கின் டிரம்பெட், அவர் தம்பி பற்றிக்கின் டிரம். ஒரு வீட்டுக் கலியாணம் என்றால் எங்கள் வீடு முழுவதும் மூட்டை கட்ட வேண்டும்.

தொண்டை கரகரக்கிறது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.

ஒக்டோபர் 6

பௌர்ணமிப் போயா விடுமுறை. மூதூரில் கலியாணம். லோஞ்சுப் படகில் போகும்போதே பிலோ என் சீலையில் சத்தி எடுத்தாள். அந்தச் சீலையோடுதான் பாடினேன்.

மாதா பாட்டில் மேலே போகும் இடம் வந்தது. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்க்காமல் அந்த வரியை வயலினில் வாசித்து மூடிவிட்டார். பொம்பிளையும் மாப்பிள்ளையும் கவனிக்கவில்லை. மற்ற எல்லாரும் கவனித்தார்கள்.

திரும்பி வரும்போது மாமா, "வெத்திலைச் சாறு விழுங்கு பிள்ளை. நாளைக்குச் சரியாகும்" என்றார். நாளைக்கு என்ன, இது ஒரு மாதமாய் இருக்கிறது. நான்தான் சொல்லவில்லை.

ஒக்டோபர் 8

கரகரப்பு. பல். மழை இருட்டு.

ஒக்டோபர் 11

கொழும்பிலிருந்து இடைக்கிடை வரும் தொண்டை டொக்டரிடம் டொமினிக் கூட்டிப் போனார். நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

"பாட்டுக்காரரோ?"

"ஓம்."

"அதுதான்."

குரல் நாண் இரண்டிலும் குறுணல் அரிசி போலத் தடிப்பாம். பாடக்கூடாது. கதைக்கவும் கூடாது. குசுகுசுப்பது கதைப்பதிலும் மோசமாம். டிசம்பரில் வரும்போது மறுபடி பார்ப்பாராம். அதுவரைக்கும் வாயை மூடியிருந்தால் குரல் வரலாம், வராமலும் போகலாம்.

"வீட்டில சின்னப் பிள்ளை இருக்கு டொக்டர்" என்றேன்.

"அப்ப பிள்ளைக்குச் சொல்லிக் குடுங்கோ" என்றார். பிள்ளை வளர்த்த மனிசன் கதைக்கிற கதையா இது?

மன்னாரில் ஒரு திருநாளில் என் பாட்டைக் கேட்டுத்தான் மாமா என்னைப் பெண் கேட்டு வந்தவர். "குரலே போதும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றாராம். நான்கு வருடமாக நத்தார் நடுச்சாமப் பூசையில் தனிப்பாட்டு என்னுடையது. அது போனால் இந்த வீட்டில் நான் ஆர்? சோறு காய்ச்சவோ? அதை டொமினிக்கின் தங்கை றோஸ் என்னைவிட நன்றாகச் செய்வாள்.

ஒக்டோபர் 14

சிலேட்டும் பென்சிலும் வாங்கித் தந்தார்கள். ஆனால் குசினி அடுப்படியிலிருந்து கூப்பிடுவது எப்படி? மாமா யோசித்தார். இந்த வீட்டு ஆட்களுக்கு யோசனை ஒரே வழியில்தான் ஓடும். ஆர்மோனியத்தை நடைவாசலுக்கு நகர்த்தி, ஆளுக்கு ஒரு கட்டை பிரித்துக் கொடுத்தார். அடியில் உள்ளது மாமாவுக்கு, அடுத்தது டொமினிக்குக்கு, அதற்கு மேல் பற்றிக், உச்சியில் றோஸ்.

பின்னேரம் டொமினிக்கைக் கூப்பிட நான் ஆர்மோனியத்தை மிதிக்க, பிலோ கட்டைகளின் மேல் ஏறி இருந்துவிட்டாள். மாமா பாதிச் சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார். டொமினிக் கிணற்றடியிலிருந்து நனைந்தபடி. பற்றிக் சோற்றுக் கையோடு. நான் சிரித்தேன் — சத்தமில்லாமல் சிரிப்பது வயிற்றை நோகப் பண்ணும் என்று இன்றுதான் தெரியும்.

ஆர்மோனியம் பழைய இடத்துக்கே போய்விட்டது.

ஒக்டோபர் 19

பகல் எப்படியோ ஓடுகிறது. நித்திரைதான் பிரச்சினை. பிறந்த நாளிலிருந்து பிலோ நான் பாடித்தான் தூங்குவாள். மடியில் போட்டுத் தட்டினால் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "பாடு" என்கிறாள். பிறகு "அம்மா பாடு" என்று அழுகிறாள். நான் என்ன செய்ய?

மாமா வயலின் வாசித்தார், அழுகை கூடியது. டொமினிக் டிரம்பெட்டின் வாய்க்குள் துவாய்த் துண்டை அடைத்து ஊதினார், பயந்து போனாள். பற்றிக் மேசையில் தாளம் போட, இறங்கிப் போய் ஆடத் தொடங்கினாள்.

ஒக்டோபர் 21

றோஸ் பாடினாள். பிலோ தூங்கிவிட்டாள்.

எல்லாரும் அப்பாடா என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

நவம்பர் 2

ஆத்துமாக்கள் திருநாள். நான்கு வருடத்துக்குப் பிறகு கோயிலில் கீழே நின்றேன், சனத்தோடு. மேல்மாடியிலிருந்து பாட்டு இறங்கி வந்தது. றோஸின் குரல். கொஞ்சம் கழுத்தை இறுக்குகிறாள், மூச்சை அவசரப்பட்டு விடுகிறாள். ஆனால் நல்ல குரல். நல்ல குரல் என்று எழுதவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பாவம், அவள் என்ன செய்தாள் எனக்கு? பிள்ளையையும் பார்த்துக்கொண்டு பாட்டையும் பாடுகிறாள்.

கல்லறைக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. மெழுகுதிரி ஒன்றும் நிற்கவில்லை.

நவம்பர் 7

பக்கத்து வளவு நபீஸா வந்தார். கணவர் முனாப் கிண்ணியாவுக்கு யாவாரத்துக்குப் போனால் வேலியால் வந்து குந்தியிருப்பார். இப்போது தினமும் வருகிறார்.

"நீங்க பேசாம இரிக்கிறதும் ஒரு வகைக்கு நல்லம்தான், மலர். நான் சொல்லி முடிக்கும் மட்டும் இந்த ஊரில ஆரும் கேட்டதில்ல" என்றார். மாமியார், மீன் விலை, முனாபின் குறட்டை எல்லாம் கேட்டேன். பாத்திரம் கழுவி முடிந்தது.

பிலோ என் சீலையைப் பிடித்து இழுத்து "பாடு, பாடு" என்று தொடங்க, நபீஸா அவளைத் தூக்கி வைத்துச் சொன்னார்: "உம்மாக்குத் தொண்டை வருத்தம் மகள். பாடினா ரெத்தம் வரும். கரைச்சல் குடுக்கப்படா, என்ன?"

எங்கள் வீட்டிலும் இதே பாட்டுத்தான். காலையில் மாமா, பின்னேரம் டொமினிக், இடையில் றோஸ் — அம்மாவுக்கு வருத்தம், அம்மாவுக்கு வருத்தம். பிள்ளை எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

நவம்பர் 9

மழை. துணி காயவில்லை. பிலோ "பாடு" என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

நவம்பர் 13

நித்திரை வந்தால் இப்போது தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு நேரே றோஸிடம் போகிறாள். என்னைக் கடந்துதான் போக வேண்டும். கடந்து போகிறாள்.

றோஸ் சொன்னாள், "குறை நினையாதேங்கோ மச்சாள். கொஞ்ச நாளைக்குத்தானே." குறை நினைக்கவில்லை என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். சிலேட்டில் எழுதினால் எந்தப் பொய்யும் நிறுத்தி நிதானமாக இருக்கிறது.

நவம்பர் 16



தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். றோஸ் கோயிலில். பிலோ முற்றத்தில் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் துணி துவைக்கிற கல்லில் ஏறி, கிணற்றுக் கட்டின்மேல் வயிற்றை வைத்து, உள்ளே எட்டிப் பார்க்கிறாள். கால் இரண்டும் கல்லில் இல்லை. கையைத் தட்டினேன். விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கிறாள், இன்னும் குனிகிறாள். ஐயோ என்ர மாதாவே.

"பிலோ!"

கத்திப்போட்டன். கத்தாமல் என்ன செய்ய? காகம் கத்தின மாதிரி ஒரு சத்தம். அவள் திடுக்கிட்டுப் பின்னுக்குச் சரிந்து கல்லில் இருந்துவிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கத்தினது யாரென்று வேலிப் பக்கம் தேடிப் பார்த்தாள்.

நபீஸா ஓடி வந்தார். "சத்தம் கேட்டுத்தான் வந்தன். ஆருட சத்தமெண்டே விளங்கல்ல" என்றார்.

பின்னேரம் விஷயம் கேட்டவுடன் மாமாவின் முதல் கேள்வி, "கத்தினியோ பிள்ளை? தொண்டைக்கு என்ன செய்யுது?" டொமினிக்கும் என் தொண்டையைத்தான் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சிலேட்டை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்: பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். டொமினிக் கிணற்றுக்குப் பலகை அடித்தார்.

இனிக் குரல் வருமோ, அந்த ஒரு கத்தலோடு போயிற்றோ தெரியாது. போனால் போகட்டும் என்று எழுத விரும்புகிறேன். மனம் வரவில்லை. இரண்டும் வேண்டும் எனக்கு.

நவம்பர் 22

அர்ச்சிஷ்ட செசீலியம்மாள் திருநாள். பாட்டுக்காரருக்கும் வாத்தியகாரருக்கும் பாதுகாவலி. பூசைக்குப் பிறகு எல்லாரும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நண்டு உடைத்து என் கை வெடித்தது.

பங்குச் சுவாமி என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "நத்தாருக்கு றோஸ் பாடட்டும் மகள். நீங்கள் ஆறுதலாய் இருங்கோ." கேள்வி இல்லை. கேட்டாலும் பதில் சொல்ல வாய் ஏது? மாமாவைப் பார்த்தேன். அவர் நண்டில் கவனமாக இருந்தார்.

றோஸ் குசினிக்குள் போய் அழுதாளாம். அழவேண்டியவள் நான், எனக்குப் பாத்திரம் கழுவ இருந்தது.

நவம்பர் 27

இந்த வருடத்தின் கடைசிக் கலியாணம் முடிந்தது. வீட்டுக்கு வந்து அவரவர் விழுந்த இடத்தில் படுத்துவிட்டார்கள். டிரம் கட்டிலில், பற்றிக் நிலத்தில். மாமாவின் காலுக்குச் சுடுதண்ணீர் வைத்தேன். களைத்துப் போனோம், எல்லாரும்.

டிசம்பர் 6

டொக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். தடிப்புக் கரைந்துவிட்டதாம். கதைக்கலாம். தாழ்ந்த குரலில் கொஞ்சம் பாடலாம்.

"மேல் சுரம்?" என்று சிலேட்டில் எழுதினேன். பழக்கதோஷம்.

"அதை மறந்திடுங்கோ. ஆசைப்பட்டீங்களெண்டால் திரும்பவும் இதே வருத்தம்தான்" என்றார்.

பஸ்ஸில் டொமினிக் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏதாவது கதையுமன் மலர். உம்மட குரலைக் கேட்டு எவ்வளவு நாள்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் முதல் வசனம் வந்தது: "அந்த ஈரத் துவாயைக் கட்டிலில போடாதேங்கோ." அவர் அதைக் கேட்டுக் கண்கலங்கினார், விசர் மனிசன்.

பிலோ என் குரலைக் கேட்டதும் றோஸின் பின்னால் போய் ஒளிந்தாள்.

டிசம்பர் 12

மாமா நத்தார்ப் பாட்டுக்கு இரண்டாம் குரல் எழுதிக் கொண்டுவந்து தந்தார், றோஸின் குரலுக்கு அடியில் சேர்ந்து பாட, எனக்கென்று தாழ்த்தி. "எனக்கு வேண்டாம்" என்றேன். சத்தமாகச் சொல்ல முடிந்ததில் ஒரு திருப்தி.

அவர் போகவில்லை. கதிரையில் இருந்தார். "அண்டைக்குக் கிணத்தடிக் கதையைக் கேட்டவுடன நான் முதலில பிள்ளையை விசாரிச்சிருக்க வேணும்" என்றார். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.

டிசம்பர் 25

றோஸ் பாடினாள். அருமையாகப் பாடினாள். நான் பின்னால் நின்று இரண்டாம் குரல் பிடித்தேன். மூச்சு எடுக்கும் இடங்களில் அவள் முதுகில் ஒரு விரலால் தொட்டேன், எடுத்தாள். கீழே நின்றவர்களுக்கு என் குரல் தனியாகக் கேட்டிருக்காது. றோஸின் பாட்டு நிறைவாக இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அழுகை வரும் என்று நினைத்தேன். நித்திரைதான் வந்தது.

டிசம்பர் 26

மத்தியானம். றோஸ் கூட்டாளிமாரோடு போய்விட்டாள். ஆண்கள் மூவரும் குறட்டை. பிலோ தலையணையைத் தூக்கிக்கொண்டு வீடு முழுவதும் றோஸைத் தேடினாள். பிறகு கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"அம்மாவிட்ட வாறீங்களோ?" என்றேன். யோசித்து வந்தாள். மடியில் போட்டுக்கொண்டு, பழைய தாலாட்டை, எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கித் தொடங்கினேன்.

சடாரென்று எழும்பி என் வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும். முகம் முழுக்கப் பயம்.

"வேண்டாம். அம்மா வருத்தம். பாட வேண்டாம்."

இவ்வளவு நாளும் என்னை மறந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே. தலையணையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனதெல்லாம் எனக்கு ரத்தம் வரக்கூடாதென்றா? இந்த நண்டுக்குஞ்சு என்னைக் காத்துக்கொண்டா இருந்தது?

"அம்மாவுக்குச் சுகம்" என்று கைக்குள்ளேயே சொன்னேன். நம்பவில்லை. கையை எடுக்கவும் இல்லை. நானும் எடுத்துவிடவில்லை. அந்தக் கைக்குள்ளேயே, வாயைத் திறக்காமல், மெல்லப் பாடினேன். முதலில் இன்னும் அழுத்திப் பொத்தினாள். இரத்தம் வருகிறதோ என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு திரும்பவும் வைத்தாள், பொத்துவதற்கு இல்லை, சும்மா. உள்ளங்கை சூடாக இருந்தது.

அப்படியே தூங்கிப்போனாள். பாட்டு இன்னும் இரண்டு அடி இருந்தது. முடித்துவிட்டுத்தான் கையை எடுத்துக் கீழே வைத்தேன்.