ஒன்றுமில்லாததால் திறக்கும் கண்

4 ஆகஸ்ட் 1997
நைனாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் கோழி திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி இருக்கிறார். சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மலையடிவாரத்து அலிபிரி ரோட்டில் எங்கள் மெக்கானிக் ஷெட்டுக்கு அம்பாசடர்கள் வருவது நின்றே போச்சு. புதுக் கார்களெல்லாம் கண்ணாடி போட்ட சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போகின்றன. அதனால் குவைத். அங்கே வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டின் செருப்பில் கிரீஸ் தடவினேன். வழுக்கினான். மறுநாளும் வந்தான்.

6 ஆகஸ்ட்
ஷெட்டுக்குள் ஒரு சிவப்பு மீன் நீந்தி வந்தது! அமெரிக்காக் கார். பழசு. உடம்பு இரும்பே இல்லை, ஃபைபர். முகத்தில் விளக்கு கிடையாது. சுவிட்சை இழுத்தால் மூக்குமேல் மூடி எழுந்து கண் திறக்கிறது. வலது மட்டும். இடது தூங்குகிறது. என்னைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரியே இருந்தது. நானும் அடித்தேன்.

ஓனர் ரங்கையா, அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து இங்கே லாட்ஜ் கட்டியவர். நைனாவிடம் சொன்னார்: "கப்பல்லேந்து எறங்கினப்ப நல்லாத்தான் இருந்துச்சு தாமோதரன். அடுத்த சனிக்கிழமைக்குள்ள ரெண்டு கண்ணும் தெறக்கணும். அப்புறம் லாட்ஜ் வேனுங்க எல்லாம் ஒங்கிட்டத்தான்."

சாயங்காலம் ஏஜென்ட்டிடம் நைனா, "அடுத்த சனிக்கிழமை சொல்றேன்" என்றார்.

7 ஆகஸ்ட்
கண்ணைத் தூக்கும் மோட்டாரை நைனா நாள்பூரா தேடினார். மோட்டாரே இல்லை!

9 ஆகஸ்ட்
ரங்கையா சொல்லித்தான் தெரிந்தது. இஞ்சின் காற்றை உறிஞ்சுமாம், அந்த உறிஞ்சல் ரப்பர் குழாய் வழியாகப் போய்க் கண்ணைத் தூக்குமாம். கதை விடுகிறார் என்று நினைத்தேன். நைனா ஒரு குழாயைக் கழற்றி, "வெரல வையி சந்தியா" என்றார். அம்மாடி! கவ்விப் பிடித்துக்கொண்டது. உள்ளே ஒன்றுமே இல்லை — அந்த ஒன்றுமில்லாததுதான் இழுக்கிறது. சார் போர்டில் 'வெற்றிடம்' என்று எழுதி அழித்துவிடுவார். அதற்குள்ளே வெற்றி உட்கார்ந்திருப்பதை ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொன்று. இஞ்சினை அணைத்தபிறகு நைனா சுவிட்சை இழுத்தார். வலது கண் திறந்தது! ஒரு டாங்கியில் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். "ஈ பூந்துடப் போவுதுடீ" என்றாள் அம்மா.

11 ஆகஸ்ட்
கண்ணைத் தூக்குவது கிண்ணம் மாதிரி ஒரு சாமான். வலதில் இருந்ததைக் கழற்றி இடதில் மாட்டிப் பார்த்தார் நைனா. இடது அப்போதும் தூங்குகிறது. அப்படியானால் கிண்ணம் யோக்கியம், குழாய்தான் திருடன். கண்ணுக்குத் தெரிந்தவரை விரிசல் எதுவும் இல்லை.

14 ஆகஸ்ட்
நைனா ராத்திரி துன்னல. "குவைத்துல வெயில் ஜாஸ்தியா?"ன்னு அம்மாவக் கேட்டுக்கினு இருந்தாரு. அம்மாவுக்கு எப்பிடித் தெரியும்? பயமா இருக்கு.

15 ஆகஸ்ட்
ஸ்கூலில் கொடியேற்றிக் கொடுத்த மிட்டாயோடு நேராக ஷெட்டு. காரின் மூக்குக்கு அடியில் படுத்து, இடது குழாயின் இரண்டு முனையையும் கழற்றினேன். ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சினேன். காற்றே வரவில்லை. அடைப்பு! தடவிக்கொண்டே போனால், பம்பருக்குப் பின்னால் — எலுமிச்சை மிளகாய். வற்றிக் கருத்துப் போயிருந்தது. அலிபிரியில் கார் பூஜை போட்டபோது பூக்காரம்மா கட்டியதாம். ஃபைபர் உடம்பில் கம்பி கோக்க ஓட்டை ஏது? கைக்குக் கிடைத்த கறுப்புக் குழாயோடு சேர்த்து முறுக்கிவிட்டாள். நைனா அதைத் தினமும் பார்த்திருக்கிறார். திருஷ்டிக்குக் கட்டியதில் யார் கை வைப்பார்?

"நைனா, இத்த அவுக்கட்டா?"

"தொடாதடீ! ஆவாது."

"இதான் நைனா கொழாயோட கழுத்தப் புடிச்சிக்கினு கீது."

நைனா குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிங் பிளேயரை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெட்டினேன். நசுங்கிய இடத்தை அறுத்துவிட்டுப் புதுத் துண்டு மாட்டினோம். இஞ்சின். சுவிட்ச்.

ரெண்டு கண்ணும். சேர்ந்து. மெதுவா.

நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன், அது எனக்கே தெரியவில்லை. திரும்பினால் நைனாவும்.

புது எலுமிச்சையை உள்ளே கண்ணாடியில் தொங்கவிட்டோம். அங்கே குழாய் இல்லை.

16 ஆகஸ்ட்
ரங்கையா சின்னப்பிள்ளை மாதிரி சுவிட்சை இழுத்து இழுத்து விட்டார். வேன் அனுப்புகிறாராம். அமெரிக்கா வாக்கு, பார்ப்போம். ஏஜென்ட்டிடம் நைனா, "இன்னும் கொஞ்ச நாளு" என்றார்.

7 செப்டம்பர்
ஏஜென்ட் வந்தான். நைனா லாட்ஜ் வேனுக்கு அடியில், கால் இரண்டும் மட்டும் வெளியே.

"ஒங்க நைனா எங்க?"

"வெளிய போய்க்கீறாருண்ணா."

"அப்ப அது யாரு காலு?"

"அதுவா, ரிப்பேருக்கு வந்த காலு. கட்டுப் போட புத்தூருக்கு அனுப்பணும்."

அவன் தெருமுனை தாண்டும்வரை அந்தக் கால்கள் ஆடவே இல்லை.