சூடாறாத ரசம்

செவ்வாய், இரண்டாம் நிலையம்
பதிவு: இளவேனில், தாவர ஆய்வாளர்

நாள் 112, காலை 07:10
கிடங்கு ஹீட்டர் பழுதாகி மூன்று வாரமாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. வைட்டமின் மாத்திரைகள் எல்லாம் பழுப்பேறிவிட்டன. சூடு பட்டால் வைட்டமின் சி தாங்காது. அத்தனையும் குப்பை. அடுத்த கப்பல் நாள் 230-ல்தான். கவலையில்லை, பசுமைக் கூடாரத்தில் முப்பது தக்காளிச் செடி இருக்கிறது. சாப்பிடுவதோ நானும் மெக்கானிக் இருதயராஜ் அண்ணனும் மட்டும்தான்.

நாள் 121, பகல் 12:40
வெளி வேலையில் இருந்த அண்ணன் வாக்கி-டாக்கியில்: “பச்சையா கடிச்சித் திங்க நான் என்ன ஆடாம்மா? ரசம் வையி.”
தூத்துக்குடிக்காரர், நாக்கு நீளம். வைத்தேன். ஒரு வகையில் நல்லதுதான். வேகவைத்தால் தக்காளியின் சிவப்புச் சத்தான லைகோபீன் உடம்பில் நன்றாகச் சேரும், இதைப் பற்றிக் கட்டுரையே எழுதியவள் நான். ஆறினால் குடிக்க மாட்டார் என்பதால் காலையில் வைத்த ரசம் இரவுவரை அடுப்பிலேயே கொதிக்கிறது.

நாள் 158, காலை 09:05
இலைகள் சுருள்கின்றன. காய்ப்பு பாதியாகிவிட்டது. நல்ல பழமெல்லாம் அண்ணனுக்கு, வெளியே போய் உழைப்பவர் அவர்தானே. வெடித்ததும் சூம்பியதும் எனக்கு. செடியடியில் நின்றபடியே கடித்துத் தின்றுவிடுகிறேன்.

நாள் 186, மாலை 18:30
அண்ணனின் ஈறில் ரத்தம். முழங்காலில் பதினெட்டு வருடத்துக்கு முன் ஆறிய வெட்டுத்தழும்பு பிளந்துகொண்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. ரசத்தை நாலு வேளையாக்கினேன்.

நாள் 203, மாலை 16:25
பூமியிலிருந்து டாக்டர்: “வைட்டமின் சி குறைபாடுதான். உங்களுக்கு ஏன் ஒண்ணுமே இல்லை? ரெண்டு பேரும் ஒரே தக்காளியைத்தானே சாப்பிடுறீங்க?”
ஆமாம், ஒரே தக்காளிதான் என்று அடித்தேன். அனுப்பவில்லை.
நாள் 112-ஐத் திறந்து படித்தேன். நான் எழுதியதுதான். சூடு பட்டால் தாங்காது.
எண்பத்திரண்டு நாள் அண்ணனுக்குச் சிவப்பாக வெந்நீர் கொடுத்திருக்கிறேன். வெடித்ததைத் தின்ற நான் குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன்.

நாள் 206, காலை 06:50
பழுத்தது ஒன்றுகூட இல்லை. இருந்ததையெல்லாம் கொதிக்கவைத்தாயிற்று. மூன்று நாளாகக் காயைப் பறித்துப் பிழிந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கிறேன். சாறு கடைவாயில் ரத்தத்தோடு வழிகிறது.
பிறகு படுக்கையிலிருந்து வாக்கியில்: “என்னம்மா, ஆறிப்போச்சே. கொஞ்சம் சுட வச்சித் தாயேன்.”
உண்மையை இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

நாள் 207, 05:
அண்ணன் மூச்சு

நாள் 229
கப்பல் நாளை.
வருகிறவர்களுக்கு: மூன்றாம் வரிசையில் பதினொரு பழம் பழுத்திருக்கிறது. கழுவி அப்படியே கடித்துத் தின்னுங்கள். அடுப்பைத் தேடாதீர்கள், அண்ணனைப் புதைத்த அன்றே உடைத்துவிட்டேன்.
நான் ஒன்றையும் தொடவில்லை. நல்ல பழமெல்லாம் அண்ணனுக்கு